மூச்சு எங்கே நிற்கிறது?

மழைக்காலம் வந்துவிட்டால் அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லித் தெருக்களில் கொசு ஒழிப்புப் பணியாளர்கள் வீடுவீடாக ஏறி இறங்குவார்கள். மொட்டைமாடித் தொட்டி, சம்ப், ஃப்ரிட்ஜின் பின்தட்டு, மூலையில் கிடக்கும் பழைய டயர் என்று டார்ச் அடித்துப் பார்ப்பார்கள். தண்ணீர் தேங்கிய இடத்தில் 'அபேட்' மருந்தை ஊற்றிவிட்டுப் போவார்கள். டெமிபாஸ் என்பது அந்த மருந்தின் வேதிப்பெயர். கொசுப் புழுவின் நரம்புகளைத் தாக்கிக் கொல்லும் சரக்கு அது.

அதே ஆவடியில், ஊர்க்காரர்கள் 'டேங்க் ஃபேக்டரி' என்று சொல்லும் கனரக வாகனத் தொழிற்சாலை இருக்கிறது. 1965இல் விஜயந்தா டாங்கி இங்கிருந்துதான் வெளிவந்தது. பிறகு டி-72, டி-90 என்று பல வகை டாங்கிகள் இங்கே தயாராயின. அர்ஜுன் டாங்கியை வடிவமைத்த போர் ஊர்தி ஆராய்ச்சி நிறுவனமும் ஆவடியில்தான் உள்ளது. இக்கால டாங்கிகளில் குண்டுகளைத் தாங்கும் கவசத்தோடு, அணு, உயிரி, வேதி ஆயுதங்களிலிருந்து வீரர்களைக் காக்கும் ஏற்பாடு ஒன்றும் உண்டு. வேதி ஆயுதங்களில் மிகவும் அஞ்சப்படுபவை சாரின் போன்ற நரம்பு வாயுக்கள்.

தொட்டியில் ஊற்றும் அபேட்டும், டாங்கி வீரர்கள் அஞ்சும் சாரினும் ஒரே குடும்பம். ஆர்கனோபாஸ்பேட் என்று அந்தக் குடும்பத்துக்குப் பெயர். வீரியத்தில்தான் மலைக்கும் மடுவுக்குமான வித்தியாசம். ஒரு லிட்டர் குடிநீரில் 1 மில்லிகிராம் வரை டெமிபாஸ் கலக்கலாம் என்று உலக சுகாதார நிறுவனம் அனுமதிக்கிறது. அந்த அளவில் கொசுப் புழு சாகும், மனிதருக்கு ஒன்றும் ஆகாது. ஆனால் புழுவிடம் இந்த மருந்து தேடிப் பிடிக்கும் இலக்கும் மனிதரிடம் சாரின் தேடிப் பிடிக்கும் இலக்கும் ஒன்றேதான். அது ஒரு நொதி. எலிக்கும் அதே நொதி உண்டு. இந்த விஷத்தால் மூச்சு எப்படி நிற்கிறது என்ற கேள்விக்கு விடை தேடியவர்கள் எலியின் மூளைத்தண்டில் போய் நின்றதற்கு அதுவே காரணம்.

நரம்பு ஒன்று அடுத்த நரம்புக்கோ தசைக்கோ சேதி சொல்ல, தன் முனையிலிருந்து ஒரு வேதிப்பொருளைத் துளித்துளியாக வெளியிடுகிறது. அப்படிப்பட்ட பொருள்களில் முதன்முதலில் கண்டுபிடிக்கப்பட்டது அசிட்டைல்கோலின். 1921இல் ஆஸ்திரியாவின் கிராஸ் நகரில் ஓட்டோ லோவி இரண்டு தவளைகளின் இதயங்களை எடுத்தார். ஒன்றில் வேகஸ் நரம்பைத் தூண்டியதும் துடிப்பு மெதுவானது. அந்த இதயத்தைச் சுற்றியிருந்த திரவத்தை எடுத்து இரண்டாவது இதயத்தில் விட்டார். நரம்பே தொடாத அந்த இதயமும் மெதுவானது. அப்படியானால் நரம்பின் சேதி மின்சாரமாக மட்டும் போகவில்லை, திரவத்தில் கரைந்த ஏதோ ஒன்று அதைச் சுமந்திருக்கிறது. லோவிக்கும் இங்கிலாந்தின் ஹென்றி டேலுக்கும் 1936இல் மருத்துவ நோபல் பரிசு இதற்காகவே கிடைத்தது. அந்த வேகஸ் நரம்பு புறப்படும் இடம் மூளைத்தண்டு என்பதை இங்கே நினைவில் வைத்துக்கொள்வது நல்லது.

வெளியான அசிட்டைல்கோலின் வேலை முடிந்த கணமே அழிக்கப்பட வேண்டும். அசிட்டைல்கோலினெஸ்டரேஸ் என்ற நொதி அதைச் செய்கிறது. ஒரே ஒரு நொதி மூலக்கூறு நொடிக்கு ஆயிரக்கணக்கான அசிட்டைல்கோலின் மூலக்கூறுகளை உடைத்துப் போடும். ஆர்கனோபாஸ்பேட் விஷம் இந்த நொதியில் ஒட்டிக்கொண்டு அதை முடக்குகிறது. வாசல் மணியின் பொத்தான் அழுத்தியபடியே சிக்கிக்கொண்டால் எப்படியோ, அப்படி ஆகிறது உடம்பு. கண்பாவை ஊசிமுனையாகச் சுருங்குகிறது. எச்சிலும் வியர்வையும் ஊற்றெடுக்கின்றன, தசைகள் துடிக்கின்றன, பிறகு சோர்ந்து ஓய்கின்றன.

வரலாறு சில நேரம் குரூரமாக முடிச்சுப் போடும். லோவியும் டேலும் நோபல் வாங்கிய அதே 1936 டிசம்பரில், 23ஆம் தேதி, ஜெர்மனியின் ஐ.ஜி. பார்பன் நிறுவன வேதியியலாளர் கெர்ஹார்ட் ஷ்ரேடர் ஒரு புதிய பூச்சிக்கொல்லியைச் செய்து பார்த்தார். சில நாட்களில் அவரும் உதவியாளரும் பார்வை மங்கி மூச்சுத் திணறினார்கள். டாபூன் என்ற முதல் நரம்பு வாயு அது. சாரினும் 1938இல் அவர் குழுவின் கையிலிருந்தே வந்தது. 1940களில் பாரத்தியான் என்ற பூச்சிக்கொல்லியையும் அவர் உருவாக்கினார். 1958இல் கேரளத்தில் பாரத்தியான் கலந்த கோதுமை மாவைச் சாப்பிட்டு நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். வயலுக்காகச் செய்தது போருக்குப் போனது, வயலுக்கென்றே வந்தது சமையலறையில் புகுந்துவிட்டது.

விஷம் உடலின் எல்லா இடத்திலும் இந்த நொதியை முடக்கும். ஆளைக் கொல்வது மூச்சு நிற்பதுதான். ஆனால் மூச்சு நிற்கப் பல வழிகள் உண்டு. நுரையீரலில் நீர் கோத்து அடைக்கலாம், விலாத் தசைகளும் உதரவிதானமும் செயலிழக்கலாம், அல்லது மூச்சு விடு என்று கட்டளையிடும் மூளைப் பகுதியே ஓய்ந்துபோகலாம். மருத்துவருக்கு இது ஏட்டுக் கேள்வி அல்ல. எது முதலில் நடக்கிறதோ அதற்கேற்றபடிதான் முதல் சில நிமிடங்களில் அவர் கை எங்கே போக வேண்டும் என்பது முடிவாகும்.

இதற்கு மூளைத்தண்டின் வரைபடம் தேவைப்பட்டது. பெருமூளைக்கும் தண்டுவடத்துக்கும் நடுவே கட்டைவிரல் பருமனில் இருக்கும் பகுதி மூளைத்தண்டு. விழிப்பு, தூக்கம், விழுங்குதல், இதயத்துடிப்பு, மூச்சு எல்லாவற்றின் கட்டுப்பாடும் அங்கேதான். 1960களில் கேம்பிரிட்ஜில் ஷூட், லூயிஸ் என்ற இருவர் எலி மூளையை மெல்லிய சீவல்களாக அறுத்து, கோலினெஸ்டரேஸ் நொதி இருக்கும் இடங்களைச் சாயமேற்றிப் பார்த்தார்கள். நரம்புப் பாதை ஒன்றை வெட்டிவிட்டால், நொதி வந்து சேரும் பக்கத்தில் தேங்கி நிற்கும், மறுபக்கத்தில் வற்றிப்போகும். எந்தக் கம்பி எந்தத் திசையில் ஓடுகிறது என்பதை இந்த உத்தியால் கண்டார்கள். எலியின் மூளைத்தண்டிலிருந்து மேல்நோக்கிக் கிளம்பும் அசிட்டைல்கோலின் பாதைகளின் முதல் பெரிய வரைபடம் 1967இல் வெளிவந்தது.

அதில் ஒரு குறை இருந்தது. அசிட்டைல்கோலினைச் சுரக்கும் நரம்பணுவில் மட்டுமல்லாமல், அதைப் பெறும் அணுவிலும் அந்த நொதி இருக்கும். அனுப்புநர் யார், பெறுநர் யார் என்பது சாயத்தில் தெரியாது. அசிட்டைல்கோலினைத் தயாரிக்கும் வேறொரு நொதியை அடையாளம் காட்டும் எதிர்ப்புப் புரதங்கள் கைக்கு வந்த பிறகுதான் குழப்பம் தீர்ந்தது. 1983இல் மார்செல் மெசுலாமும் சகாக்களும் எலி மூளையின் அசிட்டைல்கோலின் அணுக்கூட்டங்களுக்கு ஒன்று முதல் ஆறு வரை எண் கொடுத்தார்கள். ஐந்தும் ஆறும் மூளைத்தண்டின் மேற்பகுதியில் இருப்பவை.

இந்த ஐந்தாம், ஆறாம் கூட்டங்கள் தூக்கத்தோடு நெருங்கிய தொடர்பு உடையவை. கனவு மிகுந்த தூக்கத்தில் மூடிய இமைக்குள் கண் வேகமாக உருளும். அந்தக் கட்டத்தில் இந்த அணுக்களில் பல துடிப்போடு இயங்குகின்றன. டெல்லி ஜவாஹர்லால் நேரு பல்கலைக்கழகத்தில் பீரேந்திரநாத் மல்லிக் பல ஆண்டுகள் எலிகளைக் கொண்டு இதை ஆராய்ந்தவர். கனவுத் தூக்கத்தைத் தூண்டும் அசிட்டைல்கோலின் அணுக்களுக்கும் அதைத் தடுக்கும் நார்அட்ரினலின் அணுக்களுக்கும் நடக்கும் இழுபறி அவருடைய ஆய்வுகளின் மையம். 2015இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில், தூங்கும் சுண்டெலியின் இந்த அணுக்களை மட்டும் ஒளியால் தூண்டினார்கள். கனவுத் தூக்கம் அடிக்கடி வந்தது. பார்க்கின்சன் நோயாளிகளின் நடைத் தடுமாற்றத்துக்கு ஐந்தாம் கூட்டம் இருக்கும் பகுதியில் மின்தூண்டல் கொடுத்துப் பார்க்கும் சிகிச்சைகளும் நடந்திருக்கின்றன.

மூச்சின் கதை இவற்றுக்குக் கீழே, மூளைத்தண்டின் அடிப்பகுதியான முகுளத்தில் இருக்கிறது.

1991இல் ஜெஃப்ரி ஸ்மித், ஜாக் ஃபெல்ட்மன் உள்ளிட்டோர் பிறந்து சில நாளே ஆன எலிக்குட்டிகளின் முகுளத்தைச் சீவிக்கொண்டே போனார்கள். எந்தச் சீவலோடு மூச்சின் தாளம் நிற்கிறது என்று பார்ப்பதே நோக்கம். ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான தடிமனில் ஒரு சீவல், கண்ணாடிக் கிண்ணத்தில், உடம்பே இல்லாமல் மூச்சின் தாளத்தில் மின்துடிப்பு காட்டிக்கொண்டிருந்தது. ப்ரீ-போட்சிங்கர் பகுதி என்று அதற்குப் பெயர் வைத்தார்கள். தாயின் கருப்பையிலிருந்து வெளிவந்த கணம் முதல் கடைசி மூச்சு வரை தாளம் போடுவது இந்தச் சிறு அணுக்கூட்டம்தான். அசிட்டைல்கோலின் அங்கே தாளத்தைக் கூட்டிக் குறைக்கும் பொருள்களில் ஒன்று. விஷத்தால் அது தேங்கி வழிந்தால் தாளம் குலையாதா?

இந்தச் சந்தேகம் அதற்கும் முன்பே எழுந்ததுதான். 1953இல் இங்கிலாந்தில் டி கேண்டோலும் சகாக்களும் பல வகை விலங்குகளில் ஒப்பிட்டுப் பார்த்து, இனத்துக்கு இனம் காரணம் மாறினாலும் மூளையின் மூச்சுக் கட்டளை அடங்குவது பெரும்பங்கு வகிக்கிறது என்று எழுதியிருந்தார்கள். 2007இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தில் ரோமொலோ காஸ்பரி, டேவிட் பேதார்ஃபர் இருவரும் எலிகளில் இதைக் கட்டம் கட்டமாகப் பிரித்துக் காட்டினார்கள். டைகுளோர்வாஸ் என்ற ஆர்கனோபாஸ்பேட் பூச்சிக்கொல்லி கொடுத்த எலிகளில் முதலில் நடந்தது மூளையின் கட்டளை நின்றதுதான். அப்போது நுரையீரல் பெரிதாகக் கெட்டிருக்கவில்லை. உடனே செயற்கைச் சுவாசம் கொடுத்த எலிகள் அந்தக் கட்டத்தைத் தாண்டின. ஆனால் அதற்குப் பிறகு அவற்றின் நுரையீரலில் நீர் சுரந்து அடைக்கத் தொடங்கியது. முதல் அடி மூளைத்தண்டில், அடுத்தது நுரையீரலில். அந்த டைகுளோர்வாஸுக்கு இந்தியாவில் 2020 டிசம்பர் 31 முதல் தடை.

மூன்றாவது அடியைக் கண்டுபிடித்தது ஆய்வுக்கூடம் அல்ல, இலங்கையின் மருத்துவமனை வார்டு. நிமல் சேனாநாயக்க, லக்ஷ்மன் கரலியத்த என்ற இரு மருத்துவர்கள் பத்து நோயாளிகளின் கதையை 1987இல் அமெரிக்காவின் 'நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்' இதழில் எழுதினார்கள். விஷத்தின் முதல் அறிகுறிகள் அடங்கி, பிழைத்துவிட்டார் என்று வீட்டார் மூச்சு விடும் நேரம். 24 மணி நேரத்துக்கும் 96 மணி நேரத்துக்கும் இடையே திடீரென்று நோயாளியால் தலையணையிலிருந்து தலையைத் தூக்க முடியாது. தோள், இடுப்புத் தசைகள் தளரும், பிறகு மூச்சுத் தசைகளும் நிற்கும். மூளை தெளிவாகவே இருக்கும், கட்டளையும் போகும், தசை மட்டும் கேட்காது. 'இடைநிலை நோய்க்குறி' என்று அதற்குப் பெயரிட்டார்கள். உலகெங்கும் பாடநூல்களில் இன்று அந்தப் பெயர் இருக்கிறது. தலையைத் தூக்கச் சொல்லிப் பார்ப்பது எந்தக் கருவியும் வேண்டாத சோதனை. நடு இரவில் வார்டைச் சுற்றி வரும் பயிற்சி மருத்துவர்கூடச் செய்யலாம். இப்படிப்பட்ட கண்டுபிடிப்புகளுக்கு நம் பக்கத்தில் போதுமான பெருமை கிடைப்பதில்லை.

எலியில் கண்டது மனிதருக்குப் பொருந்துகிறதா? இலங்கை நோயாளிகளை வைத்து மைக்கேல் எடில்ஸ்டன் குழு 2006இல் கணக்குக் கொடுத்தது. 376 பேரில் 90 பேருக்குத் தொண்டையில் குழாய் செருகிச் செயற்கைச் சுவாசம் கொடுக்க வேண்டியிருந்தது. அவர்களில் 52 பேருக்கு அது மருத்துவமனைக்கு வந்த இரண்டு மணி நேரத்துக்குள், நினைவில்லாத நிலையில். 29 பேர் வரும்போது நன்றாகவே இருந்து, ஒரு நாள் கழித்து, முழு நினைவோடு இருக்கும்போதே மூச்சிழந்தவர்கள். முதல் கூட்டத்தில் எலியின் மூளைத்தண்டும் இரண்டாவதில் சேனாநாயக்கவின் தலையணைச் சோதனையும் தெரிகின்றன. ஆனால் மனித உடம்பு அவ்வளவு சுத்தமாகப் பிரிந்து நிற்பதில்லை. முதல் அடியில் விழுந்து, நினைவு திரும்பியும், மூன்றாவது அடியில் சிக்கி ஆறு நாளுக்கு மேல் குழாயோடு கிடந்தவர்களும் அந்தப் பட்டியலில் உண்டு.

மருந்துகளும் இந்த இடக்கணக்கில்தான் மாட்டிக்கொள்கின்றன. முதல் மருந்து அட்ரோபின். ஆவடி ரயில்பாதை ஓரத்திலும் பூந்தமல்லிக் குப்பைமேட்டிலும் தானாக முளைக்கும் ஊமத்தையில் இருக்கும் நஞ்சுகளில் இதுவும் ஒன்று. ஊமத்தை விதையைத் தின்றவருக்கு வாய் உலர்ந்து, கண்பாவை விரிந்து, பிதற்றல் வரும். ஆர்கனோபாஸ்பேட் செய்வதற்கு நேர் எதிர். முள்ளை முள்ளால் எடுப்பது என்பார்களே, அதுதான். அட்ரோபின் மூளைக்குள்ளும் நுழையும். எவ்வளவு கொடுப்பது என்பதில் பல காலம் ஆளுக்கொரு வழக்கம் இருந்தது. வங்கதேசத்தில் 156 நோயாளிகளிடம் நடந்து 2012இல் வெளியான ஆய்வு, சில நிமிடங்களுக்கு ஒருமுறை அளவை ஏற்றிக்கொண்டே போய், நுரையீரல் தெளிந்ததும் சீராகச் சொட்டவிடும் முறையில் இறப்பு 8 சதவீதமாகவும், பழைய முறையில் 22.5 சதவீதமாகவும் இருந்தது என்று காட்டியது. புதிய மருந்து ஒன்றும் இல்லை, அதே மருந்தைக் கொடுத்த விதம்தான் வேறு.

இரண்டாவது மருந்து பிராலிடாக்சிம். 'பாம்' என்று வார்டில் சுருக்கிச் சொல்வார்கள். நொதியில் ஒட்டிய விஷத்தைப் பிரித்தெடுப்பது இதன் வேலை. கேட்பதற்கு இதுவே சரியான மருந்தாகத் தோன்றும். ஆனால் 1990களில் வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையில் நடந்த கட்டுப்படுத்தப்பட்ட சோதனையில் பாம் கொடுத்ததால் பலன் தெரியவில்லை. 2006இல் மகாராஷ்டிரத்தின் பாராமதியில் 200 பேரிடம் நடந்த சோதனை, அதிக அளவில் தொடர்ந்து ஏற்றினால் நல்ல பலன் என்றது. 2009இல் இலங்கையில் 235 பேரிடம் நடந்த சோதனை மீண்டும் பலன் இல்லை என்றது. மருத்துவர்கள் இன்றும் இதில் ஒருமனதாக இல்லை. எலியில் கிடைத்த அறிவு இங்கே கொஞ்சம் வெளிச்சம் தருகிறது. பாம் தசைக்குப் போகும், மூளைக்குள் மிகக் குறைவாகவே நுழையும். முதல் அடி மூளைத்தண்டில் விழுகிறது என்றால், அங்கே போய்ச் சேராத மருந்து அந்த அடியை எப்படித் தடுக்கும்? மூளைக்குள் நுழையக்கூடிய அதே வகை மருந்துகளைத் தேடும் வேலை எலிகளில் இன்னும் நடக்கிறது. மூச்சுக் குழாயும் வென்டிலேட்டரும் சரியான நேரத்தில் கிடைப்பதே இப்போதைக்கு மூளைத்தண்டுக்கான சிகிச்சை.

விஷமே கைக்கு எட்டாமல் இருந்தால் இந்தப் பாடெல்லாம் வேண்டியதில்லை. இலங்கை 1995இல் மிகக் கொடிய ஆர்கனோபாஸ்பேட்டுகள் சிலவற்றைத் தடை செய்தது. அந்த ஆண்டு லட்சம் பேருக்கு 47 என்றிருந்த தற்கொலை விகிதம் 2005இல் 24ஆகக் குறைந்தது. தமிழ்நாட்டு அரசும் ஆறு பூச்சிக்கொல்லிகளைத் தடை செய்ததுண்டு, ஆனால் 60 நாட்களுக்கு மட்டும். 1968ஆம் ஆண்டின் பூச்சிக்கொல்லிச் சட்டம் மாநிலங்களுக்குக் கொடுத்திருக்கும் அதிகாரத்தின் எல்லை ஏறக்குறைய அவ்வளவுதான். நிரந்தரத் தடை மத்திய அரசின் கையில். மனச்சோர்வில் தவிப்பவர்கள் 104 அல்லது 14416 எண்ணில் எந்த நேரமும் பேசலாம்.

பூந்தமல்லிக்கு மேற்கே நகரம் முடியும் இடத்தில் இன்னும் நெல்லும் கீரையும் விளைகின்றன. முதுகில் ஸ்பிரேயரைக் கட்டிக்கொண்டு, லுங்கியும் பனியனுமாக, வாயில் துணிகூடக் கட்டாமல் மருந்தடிப்பவர்களை அங்கே பார்க்கலாம். ஆர்கனோபாஸ்பேட் தோல் வழியாகவும் உள்ளே போகும். மருந்தடித்தவருக்குத் தலை சுற்றி, எச்சில் ஊறி, கண் மங்கினால், உடனே நனைந்த துணிகளைக் கழற்றி, சோப்புப் போட்டு உடம்பைக் கழுவ வேண்டும். கழுவுகிறவர் கையில் உறை போட்டுக்கொள்வது அவசியம். வாந்தி எடுக்க வைக்கக் கூடாது. புளிக்கரைசல், உப்புத் தண்ணீர் என்று எதையும் புகட்டக் கூடாது. இடப்பக்கமாகச் சாய்த்துப் படுக்க வைத்து 108ஐ அழைக்க வேண்டும். வண்டியில் ஏறும்போது மருந்துப் பாட்டிலையும், மூடி இறுக்கி, ஒரு பையில் போட்டு எடுத்துச் செல்ல வேண்டும். லேபிளில் இருக்கும் வேதிப்பெயரை வைத்து அது எந்த வகை என்று மருத்துவர் கண்டுகொள்வார். டைமெத்தில் வகை விஷங்கள் சில மணி நேரத்திலேயே நொதியோடு பிரிக்க முடியாதபடி இறுகிவிடும், பிறகு பாம் கொடுத்தும் பயனில்லை. டையெத்தில் வகை இறுக ஒரு நாளுக்கும் மேல் ஆகும்.